ஹைட்ரஜன் அறிவிப்பு வந்தால் எப்படிப் படிப்பது? புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வாரத்துக்கு ஒரு ஹைட்ரஜன் செய்தி வருகிறது. ஒரு நாடு இலக்கு அறிவிக்கிறது, ஒரு மாநிலம் ஒப்பந்தம் போடுகிறது, ஒரு பஸ்ஸுக்கு அமைச்சர் கொடியசைக்கிறார். அந்தப் பஸ்ஸின் புகைக்குழாயிலிருந்து சொட்டும் தண்ணீரை யாராவது கண்ணாடி டம்ளரில் பிடித்துக் காட்டுவார்கள். படம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இந்தத் துறையில் வேலைக்குச் சேர்ந்தவர், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், பட்டறையில் உதிரிபாகம் செய்து கொடுக்கலாமா என்று யோசிப்பவர், பங்கு வாங்கலாமா என்று கேட்பவர் ஆகிய யாருக்கும் அந்த டம்ளரால் பயனில்லை. அவர்களுக்குத் தெரிய வேண்டியது, இந்த அறிவிப்பு வியாபாரமாக மாறுமா மாறாதா என்பது. அதைச் சோதித்துப் பார்க்க நான் வைத்திருக்கும் முறை இது. பென்சிலும் ஒரு தாளும் போதும்.

1. முதலில் பெட்டிக்குள் பாருங்கள்

அந்தப் பஸ்ஸுக்குள் ஹைட்ரஜனை மின்சாரமாக மாற்றும் பெட்டிதான் ஃப்யூயல் செல், அதை எரிபொருள் மின்கலம் என்றும் எழுதுகிறார்கள். பெயரில் எரிபொருள் இருந்தாலும் உள்ளே எதுவும் எரிவதில்லை. ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் காற்று, நடுவில் ஒரு மெல்லிய சவ்வு. பிளாட்டினம் பூசிய பரப்பில் ஹைட்ரஜன் அணு எலக்ட்ரானை விட்டுவிட்டுச் சவ்வைக் கடக்கிறது. எலக்ட்ரான் கம்பி வழியாகச் சுற்றி வருகிறது, அதுதான் மின்சாரம். மறுபக்கத்தில் எல்லாம் ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகிறது. இந்தத் தத்துவம் 1839லேயே தெரியும், வில்லியம் குரோவ் செய்து காட்டிவிட்டார். அப்போலோ விண்கலங்களுக்கு மின்சாரம் கொடுத்ததும் இதுதான்.

ஒரு செல் வேலை செய்யும்போது கிடைப்பது 0.6 அல்லது 0.7 வோல்ட், டார்ச் லைட் பேட்டரியில் பாதிகூட இல்லை. அதனால் நூற்றுக்கணக்கில் அடுக்க வேண்டும். 2014 டிசம்பரில் டொயோட்டா விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் மிராய் காரில் 370 செல்கள். இந்த அடுக்கில்தான் காசு போகிறது: பிளாட்டினம், சவ்வு, செல்களுக்கு நடுவே வரும் தகடுகள். அளவு கூடினால் விலை இறங்கும் பொருள்கள் இவை. அரசு ஏன் இதில் தலையிடுகிறது என்பதற்குப் பாதி விடை இங்கேயே இருக்கிறது.

மீதிப் பாதி, ஹைட்ரஜன் கிணற்றில் ஊறுவதில்லை என்பது. அதைத் தயாரிக்க வேண்டும்.

2. யூனிட் கணக்கு போடுங்கள்

கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட்தான். தண்ணீரைப் பிரித்து 1 கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 முதல் 55 யூனிட் ஆகும். அந்த 1 கிலோவுக்குள் இருக்கும் ஆற்றல் சுமார் 33 யூனிட். அதை ஃப்யூயல் செல்லில் விட்டால் பாதி கிடைக்கும், 16 அல்லது 17 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். காரில் அடைக்க 700 பார் வரை (நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல ஏறக்குறைய 700 மடங்கு) அழுத்த வேண்டும், அதற்குத் தனி மின்சாரம். ஆக 55 போட்டு 17 எடுக்கிறோம்.

சாலையில் வைத்துப் பார்ப்போம். 1 கிலோ ஹைட்ரஜனில் ஒரு மிராய் சுமார் 100 கிலோமீட்டர் ஓடும், பதமாக ஓட்டினால் இன்னும் கொஞ்சம். அதே 55 யூனிட்டை நேராக ஒரு பேட்டரி காரில் ஏற்றினால் 300 கிலோமீட்டர் தாண்டும். இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டால் பாதி அறிவிப்புகளை ஓரமாக வைத்துவிடலாம். பேட்டரி எங்கே சரிப்படாதோ (நீண்ட தூர லாரி, கப்பல், இடைவிடாமல் ஓடும் இயந்திரம்), அங்கேதான் ஃப்யூயல் செல்லுக்கு வாதம் இருக்கிறது. வீட்டு காருக்கு வாதம் பலவீனம்.

அரசு சொல்லும் எண்ணையும் இதே கணக்கில் உரசிப் பார்க்கலாம். இந்தியா 2023இல் வைத்த இலக்கு, 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் பசுமை ஹைட்ரஜன் (சூரிய ஒளி, காற்று போன்றவற்றின் மின்சாரத்தால் எடுப்பது), கூடவே 1,25,000 மெகாவாட் புதுப்பிக்கத்தக்க மின்சாரமும். 50 லட்சம் டன் என்றால் 500 கோடி கிலோ. கிலோவுக்கு 55 யூனிட் போட்டால் 27,500 கோடி யூனிட். 1,25,000 மெகாவாட் நிலையங்கள் ஆண்டு முழுவதும் கால் பங்கு திறனில் ஓடினால் கிடைப்பது ஏறக்குறைய 27,400 கோடி யூனிட். பொருந்துகிறது. எண்ணைப் போட்டவர் கணக்குத் தெரிந்தவர். அது நடக்குமா என்பது வேறு கேள்வி.

3. வினைச்சொல்லைப் பாருங்கள்

செய்தியில் பெயர்ச்சொற்கள் பிரமாதமாக இருக்கும். நீங்கள் வினைச்சொல்லை மட்டும் வட்டமிடுங்கள். இலக்கு வைத்தது, ஒப்புதல் தந்தது, நிதி ஒதுக்கியது, டெண்டர் விட்டது, ஆர்டர் கொடுத்தது, திறந்து வைத்தது, ஓடுகிறது. இது ஓர் ஏணி, ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஆள் கழன்றுவிடுவார்கள். "இலக்கு வைத்தது" என்று இருந்தால் அது ஆசை, அவ்வளவுதான். புரிந்துணர்வு ஒப்பந்தம் என்றால் புகைப்படம் எடுத்தாயிற்று என்று பொருள். டெண்டர் வந்த பிறகுதான் நான் முழு ஆவணத்தைத் தேடிப் படிப்பேன்.

4. எரிபொருள் வண்டிக்கு எப்படி வந்து சேர்கிறது? (இங்கே நிதானமாக நில்லுங்கள்)

இந்தப் படியைக் கற்றுக்கொள்ள ஜப்பானை விட நல்ல பாடம் கிடையாது. ஒரே அரசு, ஒரே தொழில்நுட்பம், ஏறக்குறைய ஒரே காலம், இரண்டு பொருள்கள். இரண்டும் வேறு வேறு கதையாக முடிந்தன.

முதல் பொருள் வீட்டுக்கு. எனிஃபார்ம் என்று பெயர். 2009இல் விற்பனைக்கு வந்தது. வீட்டுச் சுவருக்கு வெளியே குளிர்சாதனப் பெட்டி போல நிற்கும், பக்கத்தில் வெந்நீர்த் தொட்டி. ஊரில் ஏற்கனவே ஓடும் சமையல் எரிவாயுக் குழாயை இதில் இணைத்துவிடுவார்கள். பெட்டியே அந்த வாயுவிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்து, 1 கிலோவாட்டுக்குள் மின்சாரம் தயாரிக்கிறது. கூடவே வரும் வெப்பம் தண்ணீரைச் சூடாக்குகிறது. ஜப்பானில் தினமும் இரவு தொட்டி நிறைய வெந்நீர் விட்டு அமர்ந்து குளிப்பது வழக்கம், அதனால் வெப்பம் வீணாவதில்லை. இதே பெட்டியைச் சென்னையில் வைத்தால் மே மாதத்தில் அந்த வெந்நீரை என்ன செய்வது?

ஆரம்ப விலை 30 லட்சம் யென்னுக்கு மேல். அரசு ஒரு பெட்டிக்கு 14 லட்சம் யென் வரை மானியம் கொடுத்தது. பிறகு ஆண்டுக்கு ஆண்டு மானியத்தைக் குறைத்தார்கள், விலையும் இறங்கியது. பத்தாண்டில் விலை 10 லட்சம் யென்னை ஒட்டி வந்துவிட்டது, எனிஃபார்முக்கென்றே இருந்த மானியமும் 2020ஐ ஒட்டி முடிந்தது. (பின்னால் வெந்நீர்க் கருவிகளுக்கான வேறு திட்டம் ஒன்றில் மறுபடி இடம்பிடித்தது. மானியம் அப்படியெல்லாம் முழுதாகச் சாவதில்லை.) 2023இல் மொத்த விற்பனை 5 லட்சத்தைத் தொட்டது.

விற்றது யார் என்று பாருங்கள்: டோக்கியோ கேஸ், ஒசாகா கேஸ் போன்ற எரிவாயு நிறுவனங்கள். ஏன்? அடுப்பு, வெந்நீர் எல்லாம் மின்சாரத்திலேயே என்று வீடுகள் மாறிக்கொண்டிருந்தன, எரிவாயுக் கம்பெனிக்கு வாடிக்கையாளர் போய்க்கொண்டிருந்தார். இந்தப் பெட்டி அவரைப் பிடித்து வைத்தது. அரசு சொன்னதற்காக இல்லை, தன் பிழைப்புக்காக விற்றார்கள். கொள்கைக்கு இப்படியொரு சுயநலக்காரர் கிடைத்துவிட்டால் அதிர்ஷ்டம்.

இரண்டாவது பொருள் கார். மிராய் விலை 72 லட்சத்து 36 ஆயிரம் யென், அதில் மத்திய அரசு மானியம் மட்டும் சுமார் 20 லட்சம் யென். முதல் கார் 2015 ஜனவரியில் பிரதமர் அலுவலகத்துக்கே போனது. டொயோட்டா தன் காப்புரிமைகள் 5,680ஐ மற்றவர்கள் இலவசமாகப் பயன்படுத்தத் திறந்துவிட்டது. எதிலும் குறை வைக்கவில்லை. ஆனால் எரிபொருளுக்குக் குழாய் இல்லை, பங்க் கட்ட வேண்டும்.

ஒரு பங்க் கட்ட 40 முதல் 50 கோடி யென் ஆனது. 700 பாரில் வேகமாக அடைக்கும்போது டேங்க் சூடாகும், அதனால் வாயுவை மைனஸ் 40 டிகிரிக்குக் குளிர்வித்து அனுப்ப வேண்டும். அழுத்தும் கம்ப்ரசர், குளிர்விக்கும் இயந்திரம், எஃகுத் தொட்டிகள், சாலையிலிருந்து விட வேண்டிய இடைவெளி என்று ஒவ்வொன்றுக்கும் செலவு. உயர் அழுத்த வாயுச் சட்டம் கடுமையானது, தகுதி பெற்ற ஆள் அங்கேயே இருக்க வேண்டியிருந்தது, வண்டிக்காரர் தானே நிரப்பிக்கொள்ள விடவில்லை. இந்த விதியைத் தளர்த்தவே 2018 ஆனது. அரசு கட்டுமானச் செலவில் பெரும்பகுதியைக் கொடுத்தது.

இலக்கு: 2020க்குள் 40,000 வண்டி, 160 பங்க். பங்க் ஏறக்குறைய வந்துவிட்டது. வண்டி இலக்கில் பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் வந்தது.

இப்போது பென்சிலை எடுங்கள். 160 பங்க், ஏறக்குறைய 5,000 வண்டி என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஒரு பங்க்குக்கு 30 வண்டி. ஒரு வண்டி மாதம் மூன்று முறை நிரப்பினால் மாதம் 90 முறை, நாளைக்கு 3 வண்டி. 40 கோடி யென் போட்ட கடைக்கு நாளைக்கு மூன்று வாடிக்கையாளர்கள், தலைக்கு 5 கிலோவுக்குள். டீக்கடைக்காரரிடம் இந்தக் கணக்கைக் காட்டினால் மேலே பேசவே மாட்டார்.

இதில் இன்னொரு சூட்சுமம். பங்க்கில் ஹைட்ரஜன் விலை 2014இல் கிலோ 1,000, 1,100 யென் என்று வைத்தார்கள். அது தயாரிப்புச் செலவைப் பார்த்து வைத்த விலை அல்ல. ஹைப்ரிட் காருக்கு ஆகும் பெட்ரோல் செலவுக்கு ஈடாக இருக்க வேண்டும் என்று வைத்த விலை. அளவு கூடினால் செலவு இறங்கி அந்த விலையைத் தொடும் என்று நம்பினார்கள். அளவு கூடவில்லை, பின்னாளில் விலைதான் ஏறியது. 2025க்கு 2 லட்சம் வண்டி என்றிருந்த இலக்கில், 2024 வரை பத்தாயிரத்தைக்கூடத் தொடவில்லை.

என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன்: அரசுப் பணத்தால் முதல் ஆயிரம் இயந்திரங்களை வாங்கிவிடலாம், தினசரி எரிபொருளை வாங்கிக்கொண்டே இருக்க முடியாது. எனிஃபார்ம் ஏற்கனவே இருந்த குழாயில் ஒட்டிக்கொண்டது. மிராய்க்குக் குழாயையும் சேர்த்துப் பெற்றெடுக்க வேண்டியிருந்தது. எந்த அறிவிப்பைப் பார்த்தாலும் முதலில் குழாயைத் தேடுங்கள்.

எனிஃபார்மைத் தலையில் தூக்கி வைக்கவும் வேண்டாம். அது தயாரிப்பது இயற்கை எரிவாயுவிலிருந்து வரும் ஹைட்ரஜன், பசுமை இல்லை. அதற்கும் 2020க்குள் 14 லட்சம் என்று இலக்கு இருந்தது, பாதிகூட வரவில்லை. தோஷிபா 2017இலேயே இந்தத் தொழிலை விட்டு விலகிவிட்டது.

அமெரிக்காவிலும் இதே தர்க்கம்தான். அங்கே ஓசைப்படாமல் வியாபாரமானவை கிடங்குகளில் சரக்கு தூக்கி ஓடும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகள், பல்லாயிரக்கணக்கில். ஒரே கூரை, ஒரே பங்க், வண்டிகள் எங்கேயும் போவதில்லை. கலிபோர்னியாவின் கார்களுக்கோ பங்க்கே பிரச்சினை. 2024 பிப்ரவரியில் ஷெல் அங்கே தன் கார் ஹைட்ரஜன் பங்க்குகளை மூடிவிட்டது.

5. மானியம் எதன் மேல் விழுகிறது, எந்த வருடம் நிற்கிறது

மூன்று வகை. இயந்திரம் வாங்க, பங்க் கட்ட, கிலோவுக்கு இவ்வளவு. முதல் இரண்டில் ரிப்பன் வெட்டியதும் பணம் வந்துவிடும், அப்புறம் ஓடுகிறதா என்று யாரும் கேட்பதில்லை. மூன்றாவதில் ஓடினால்தான் காசு. ஜப்பானும் கடைசியில் இந்தப் பக்கம் வந்திருக்கிறது. 2024இல் இயற்றிய சட்டத்தின் கீழ், சுத்தமான ஹைட்ரஜனுக்கும் வழக்கமான எரிபொருளுக்கும் உள்ள விலை வித்தியாசத்தை 15 ஆண்டு ஈடுகட்ட 3 லட்சம் கோடி யென் வைத்திருக்கிறார்கள்.

இந்தியாவில் உற்பத்தியாளருக்குத் தரும் ஊக்கத்தொகையின் உச்சவரம்பு முதல் ஆண்டு கிலோவுக்கு 50 ரூபாய், அடுத்து 40, மூன்றாம் ஆண்டு 30. இரண்டாம் படிக்குத் திரும்பிப் போங்கள். யூனிட் 5 ரூபாய் என்றாலும் மின்சாரத்துக்கே கிலோவுக்கு 250 ரூபாய்க்கு மேல். 50 ரூபாய் உதவிதான், ஆனால் அதை நம்பி யாரும் ஆலை கட்டப்போவதில்லை. மின்கடத்தல் கட்டண விலக்கு போன்ற சலுகைகள் அதைவிடக் கனமானவை. பத்திரிகைச் செய்தியில் அவை கடைசிப் பத்தியில் இருக்கும்.

6. அனுமதிக் கடிதம் யாரிடமிருந்து வர வேண்டும்

ஹைட்ரஜனுக்கு மணம் இல்லை, பகலில் அதன் தீச்சுடர் கண்ணுக்குத் தெரியாது. கசிந்தால் விறுவிறுவென்று மேலே போய்விடும், அது நல்லது. கூரைக்கு அடியில் மாட்டிக்கொண்டால் கெட்டது. 2019 ஜூனில் நார்வேயில் ஒஸ்லோவுக்கு அருகே ஒரு பங்க் வெடித்தது. விசாரித்தபோது உயர் அழுத்தத் தொட்டியின் மூடியில் போல்ட்டுகள் சரியாக முறுக்கப்படவில்லை என்று தெரிந்தது. அவ்வளவுதான், போல்ட். அதற்காக அந்த நாட்டில் டொயோட்டாவும் ஹுண்டாயும் ஹைட்ரஜன் கார் விற்பனையைத் தற்காலிகமாக நிறுத்தின.

எனவே அறிவிப்பில் பாதுகாப்பு அனுமதி பற்றி வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இந்தியாவில் சிலிண்டர், சேமிப்பு, பங்க் எல்லாம் நாக்பூரில் தலைமையகம் உள்ள பெசோவின் (பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு) கைக்குள் வருகின்றன. தொழிலில் இறங்க நினைப்பவர் முதலில் கேட்க வேண்டியது "இதற்கு மானியம் உண்டா" என்பதல்ல, "இதற்கு விதி எழுதியாகிவிட்டதா" என்பது.

7. இப்போது நம் நாட்டு அறிவிப்பை எடுத்துப் பழகுங்கள்

தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை 2023 ஜனவரி 4 அன்று ஒப்புதல் தந்தது. மொத்தம் 19,744 கோடி ரூபாய். தலைப்பில் இந்த எண்தான் வரும். பிரித்துப் பாருங்கள்: 17,490 கோடி மின்னாற்பகுப்புக் கருவி (மின்சாரத்தால் தண்ணீரைப் பிரிக்கும் இயந்திரம்) தயாரிக்கவும் ஹைட்ரஜன் உற்பத்திக்கும். முன்னோடித் திட்டங்களுக்கு 1,466 கோடி. ஆராய்ச்சிக்கு 400 கோடி. ஃப்யூயல் செல் வண்டி வருவது அந்த 1,466 கோடியில் ஒரு துண்டு. அதாவது இந்தியக் கொள்கையின் குறி கார் இல்லை. உரம், சுத்திகரிப்பு ஆலை, உருக்கு, ஏற்றுமதி. ஜப்பானைப் பார்த்துக் கற்ற பாடமோ என்னவோ, எனக்கு இது புத்திசாலித்தனமாகவே படுகிறது.

2025 மார்ச்சில் போக்குவரத்துக்கான ஐந்து முன்னோடித் திட்டங்கள் அறிவிக்கப்பட்டன: 37 வண்டி, 9 பங்க், சுமார் 208 கோடி. இங்கே ஒரு பொறி இருக்கிறது. 37இல் ஃப்யூயல் செல் வண்டி 15 மட்டுமே. மீதி 22 வண்டிகள் ஹைட்ரஜனை வழக்கமான எஞ்சினில் எரிப்பவை. செய்தியில் இரண்டும் "ஹைட்ரஜன் வண்டி" என்றுதான் வரும். நீங்கள் சவ்வோ தகடோ செய்பவராக இருந்தால் உங்கள் சந்தை 37 இல்லை, 15.

ரயிலுக்கு வேறு கணக்கு. சென்னை ஐசிஎஃப் (ரயில் பெட்டித் தொழிற்சாலை) தயாரித்த ஃப்யூயல் செல் ரயில் ஹரியானாவில் ஜிந்த், சோனிபட் இடையே ஓடத் திட்டமிடப்பட்டது. எரிபொருள் நிரப்புவது ஜிந்த்தில். போன வண்டி அதே ஊருக்குத் திரும்பி வரும். குழாய்க் கேள்விக்கு இங்கே பதில் இருக்கிறது.

தூத்துக்குடியையும் பாருங்கள். 2024 பிப்ரவரி 28 அன்று பிரதமர் அங்கிருந்து தொடங்கிவைத்த ஃப்யூயல் செல் படகு கொச்சியில் கட்டப்பட்டது, ஓடுவதற்கு வாரணாசி. ஆகவே "தூத்துக்குடியில் ஹைட்ரஜன் படகு" என்று யாராவது சொன்னால், நடந்தது விழா மட்டும். அடுத்த ஆண்டு செப்டம்பரில் வ.உ.சி. துறைமுகத்தில் 3.87 கோடி ரூபாயில் ஒரு சிறு ஆலை திறந்தார்கள், மணிக்கு 10 கனமீட்டர். ஒரு கனமீட்டர் ஹைட்ரஜனின் எடை சுமார் 90 கிராம், ஆகவே மணிக்கு 0.9 கிலோ. துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குகளுக்கும் ஒரு மின்வண்டி சார்ஜிங் நிலையத்துக்கும் என்று சொல்லப்பட்டது. முழுத் திறனில் ஒரு மணி நேரம் ஓடினால் ஃப்யூயல் செல் வழியாக 15 யூனிட் திரும்பக் கிடைக்கும். தொழிற்சாலை என்று நினைத்து நிலம் வாங்கிவிடாதீர்கள். ஆனால் ஏணியில் இது "திறந்து வைத்தது" என்ற படியில் இருக்கிறது, மேலே சொன்ன பல ஆயிரம் கோடி அறிவிப்புகளைவிட உயரத்தில்.

8. அப்புறம் என்ன செய்வது

மாணவராக இருந்தால் செல்லை விட்டு, சுற்றியிருப்பதைப் படியுங்கள்: கம்ப்ரசர், வால்வு, கசிவு உணரி, உயர் அழுத்தத் தொட்டி. ஃப்யூயல் செல் தோற்றாலும் இவை உர ஆலையில் பிழைக்கும். செல்லைத்தான் படிப்பேன் என்றால் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது, சென்னையில் ஏஆர்சிஐ என்ற மத்திய அரசு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஃப்யூயல் செல் மையம் இருக்கிறது. இரண்டும் இத்துறையில் பழம் தின்று கொட்டை போட்டவை.

பட்டறைக்காரருக்கும் அதே பதில்தான், ஒன்று கூடுதலாக: ஹைட்ரஜன் சில வகை எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கச் செய்யும். டெண்டரில் உலோகத்தின் தரம் எழுதியிருக்கும் பக்கத்தைப் படிக்காமல் விலை போடாதீர்கள்.

பங்கு வாங்குபவருக்கு: எந்தக் கம்பெனியின் அறிவிப்பானாலும் மூன்றாம் படியின் வினைச்சொல்லையும் ஐந்தாம் படியின் வருடத்தையும் ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். "ஒப்பந்தம் போட்டது, மானியம் மூன்று ஆண்டு" என்று வந்தால் அன்றைக்கு வாங்க வேண்டாம்.

எல்லோருக்கும் பொதுவாக, ஒரு நோட்டில் மேலிருந்து கீழாகக் கோடு போட்டு ஐந்து பத்தி பிரித்துக்கொள்ளுங்கள்: தேதி, வினைச்சொல், கிலோ, குழாய், மானியம் நிற்கும் வருடம். செய்திக்குறிப்பை விட்டுவிட்டு, புதுப்பிக்கத்தக்க ஆற்றல் அமைச்சகத்தின் வழிகாட்டு நெறிமுறையையும் டெண்டரின் பின்னிணைப்பையும் தேடிப் படித்து நிரப்புங்கள். முதல் மாதம் "குழாய்" பத்தியில் பெரும்பாலும் கோடு போடத்தான் நேரும். கோடு போடாமல் ஏதாவது எழுத முடிந்த வரி வந்தால், அதன் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டு ஆறு மாதம் கழித்துத் திரும்பிப் பாருங்கள்.